ஷாம்பு போத்தலும் ஒரு பிள்ளையின் மூச்சும்

பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள், சைக்கிள் டைனமோ சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். அதனால் பங்களாதேஷ் வைத்தியர் மொஹமட் ஜொபாயர் சிஸ்டியின் ஷாம்பு போத்தலைப் பற்றி வாசித்தபோது எனக்கு அது புதினமாகப் படவில்லை.

கடும் நியுமோனியாவில் ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் நுரையீரலின் சிற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அவற்றைத் திரும்ப விரிக்கவே பிள்ளை களைத்துவிடும். தொண்டைக்குள் குழாய் விடாமலே இதற்கு உதவலாம். மூக்குக் குழாயால் ஒட்சிசன் கொடுத்து, மூச்சு வெளியேறும் குழாயின் முனையைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் அமிழ்த்துவார்கள். முனை 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருந்தால், அவ்வளவு நீரையும் தள்ளித்தான் காற்று குமிழியாக வெளியே வரவேண்டும். அந்தச் சிறு எதிர்ப்பு சிற்றறைகளை மூடவிடாது.

டாக்காவில் ஐந்து வயதுக்குட்பட்ட 225 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2015இல் லான்செட் இதழில் வெளிவந்தது. வழமையான குறைந்த வேக ஒட்சிசன் பெற்றவர்களில் 15 வீதமானோர் இறந்தார்கள். குமிழி முறையில் 4 வீதம்.

இத்தோடு நிறுத்தினால் அரைக்கதைதான். மலாவியின் மாவட்ட வைத்தியசாலை ஒன்றில், வைத்தியரல்லாத பணியாளர்கள் இத்தகைய அழுத்தச் சிகிச்சையை நடத்தினார்கள். 2019இல் வந்த முடிவு தலைகீழ்: அழுத்தச் சிகிச்சையில் 17 வீதம், வெறும் ஒட்சிசனில் 11 வீதம் மரணம். அங்கு வந்த பிள்ளைகளும் பெரும் ஆபத்தில் இருந்தவர்கள்தான். ஆனாலும் போத்தலை விட, பக்கத்தில் நின்று பார்க்கும் ஆள் முக்கியம் என்றே எனக்குப் படுகிறது.

வீட்டில் செய்து பார்க்கும் வேலையல்ல இது. மூச்சு எடுக்கையில் நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே இழுபட்டாலோ, பிள்ளை பால் குடிக்க முடியாமல் சோர்ந்தாலோ, விடியும்வரை பார்த்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.