ஒரு கட்டு பீடியும் குளோசபினும்

நாளுக்கு ஒரு கட்டு பீடி புகைக்கும் மனச்சிதைவு நோயாளி ஒருவர் காலொடிந்து மருத்துவமனையில் படுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே பீடிக்கு இடமில்லை. மனநோய் மருந்து மட்டும் வழக்கம்போல் தொடர்கிறது: அதே மாத்திரை, அதே அளவு, அதே வேளை. ஒரு வாரம் கழிவதற்குள் அவர் சோற்றில் கை வைத்தபடியே தூங்கி விழுகிறார். தலையணை எச்சிலால் நனைகிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. இன்னும் மிஞ்சினால் வலிப்பும் வரலாம். கூடுதலாக ஒரு மாத்திரைகூட விழுங்காதவர் உடலில் மருந்து மிகுந்தது எங்ஙனம்?

அவர் உண்பது குளோசபின். அதைச் சிதைக்கும் பணியில் பெரும்பங்கு, கல்லீரலில் உள்ள 'சிப் 1ஏ2' என்னும் நொதியுடையது. புகையிலை எரியும்போது பிறக்கும் பல்வளைய நீரகக் கரிமங்கள் இந்நொதியைப் பெருகச் செய்கின்றன. எனவே புகைப்பவர் உடல் மருந்தை விரைந்து கரைக்கிறது. மருத்துவரும் அதற்கேற்ப அளவைக் கூட்டியிருப்பார். புகை நின்றதும் நொதி சில நாள்களில் பழைய நிலைக்குத் தாழும். குருதியில் மருந்தின் செறிவோ ஒன்றரை மடங்கு, சிலரிடம் இரு மடங்குகூட ஆகும். இதில் நிகோட்டினுக்குப் பங்கில்லை. ஆதலால் பீடிக்கு மாற்றாக நிகோட்டின் மிட்டாயை மென்றாலும் இந்த ஏற்றம் நிற்காது.

குளோசபின் தொடக்கம் முதலே நன்மையும் அச்சமும் ஒருங்கே தந்த மருந்து. 1950களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உருவானது. அக்காலத்து மற்ற மருந்துகள் தந்த உடல் விறைப்பையும் நடுக்கத்தையும் இது பெரிதும் தரவில்லை. ஆனால் 1975இல் பின்லாந்தில் இதை உண்டவர்களுள் சிலருக்கு நோயெதிர்க்கும் வெள்ளணுக்கள் அறவே குன்றின, எண்மர் இறந்தனர். பல நாடுகள் மருந்தை ஒதுக்கின. 1988இல் அமெரிக்காவில் சான் கேன் குழுவினர் வெளியிட்ட ஆய்வுதான் அதை மீட்டது. வேறு மருந்துகளுக்கு மசியாத நோயாளிகளுள் நூற்றுக்கு 30 பேர் ஆறு வாரங்களில் தேறினர். ஒப்பீட்டு மருந்தான குளோர்புரோமசினில் தேறியவர் 4 பேரே. மறு ஆண்டு அந்நாடு இசைவளித்தது, குருதியை முறையாக ஆய்ந்தால் மட்டுமே மருந்து என்னும் கட்டளையோடு.

அந்தக் குருதி ஆய்வின் கால இடைவெளி நாட்டுக்கு நாடு மாறும். தொடக்க மாதங்களில் வாரந்தோறும் என்பதே நெடுநாள் வழக்கம். இடையில் காய்ச்சலோ தொண்டைப்புண்ணோ வந்தால், காய்ச்சல் மாத்திரை ஒன்றை விழுங்கிப் படுத்துவிடலாகாது. அன்றே வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். கடுந்தொற்றும் சிப் 1ஏ2 நொதியை மந்தமாக்கி மருந்தின் செறிவை உயர்த்தும். சிறுநீர்த் தொற்றுக்கு வழக்கமாக எழுதப்படும் சிப்ரோபிளாக்சசினும் அதே நொதியைத் தடுக்கும். மனச்சோர்வுக்கான புளூவோக்சமின் இன்னும் வலிது, செறிவைப் பன்மடங்காக்கிவிடும். வலிப்புக்குத் தரும் கார்பமசெபினோ குளோசபினை விரைந்து அழிப்பதோடு, வெள்ளணுக்களையும் தானே குறைக்க வல்லது. இவ்விரண்டையும் சேர்த்துத் தருவதை மருத்துவர் தவிர்ப்பர். மதுவும் தூக்க மாத்திரையும் மயக்கத்தைக் கூட்டும். காப்பி கூட அந்நொதியில் பங்கு கேட்கும். திடீரெனப் பல குவளை கூட்டுவதும் அடியோடு நிறுத்துவதும் செறிவை மாற்றும்.

வாய்விட்டுச் சொல்லக் கூசும் ஒன்று மலச்சிக்கல். குளோசபின் குடலின் அசைவைத் தளர்த்தும். குடல் அடைபட்டு உயிர் போனதும் உண்டு. குருதி ஆய்வை நாள் தவறாமல் செய்வோரும் இதைக் கேட்க மறந்துவிடுகின்றனர் என்பதே என் குறை.

48 மணி நேரத்துக்கு மேல் மாத்திரை தவறினால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கலாகாது. தாழ்ந்த குருதியழுத்தமும் மயக்கமும் நேரும், 12.5 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற்றுவதே முறை.

பீடியை விடுங்கள், ஐயமில்லை. விடப்போகும் நாளை மட்டும் முன்னரே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையின் அளவை அவர் குறைக்க வேண்டியிருக்கும்.