பின்னால் வர்ற பைக் டிராக்டர் டிரைவருக்கு தெரியுமா? அரிமளம் ரோட்டில் கண்ணாடி இல்லாமல் ஓடும் டிரெய்லர்கள்

அரிமளம்:

அரிமளத்தில் இருந்து கே.புதுப்பட்டி, ஏம்பல் பக்கம் பைக்கில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. முன்னால் மலை மாதிரி வைக்கோல் ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் ஆடி அசைந்து போகும். ஹாரன் அடித்தாலும் ஒதுங்காது. சரி, வலது பக்கம் ஏறிப் போய்விடலாம் என்று பைக்காரர் ஆக்சிலேட்டரை முறுக்கும் நேரத்தில், டிராக்டர் சிக்னலே இல்லாமல் வலது பக்க வயலுக்குள் திரும்பும். தப்பினால் அதிர்ஷ்டம்.

இதில் டிரைவர் வேண்டுமென்றே வழி மறிப்பதில்லை. பைக் வந்ததே அவருக்குத் தெரியாது. இன்ஜின் சத்தத்தில் ஹாரன் காதில் விழாது. பின்னால் பார்க்க கண்ணாடியும் இருக்காது. இருந்தாலும் அதில் தெரிவது வைக்கோல் மட்டும்தான்.

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோல் வண்டிகள் கிளம்பிவிடும். அது ஓய்ந்தாலும் இந்தப் பகுதியில் தைல மரக்கட்டை லோடு இருக்கிறது. அரிமளத்தைச் சுற்றிலும் தைலமரக் காடுகள் என்பதால் கட்டை ஏற்றிய வண்டிகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை.

கண்ணாடி இருந்தும் ஏன் தெரியாது?

சாதாரண டிராக்டர் சுமார் ஆறடி அகலம். அதன் பின்னால் மாட்டும் டிரெய்லர் ஆறடியில் இருந்து ஏழடி வரை. அதில் வைக்கோல் ஏற்றும்போது இரண்டு பக்கமும் பிதுங்கி ஒன்பது, பத்தடி ஆகிவிடுகிறது. கண்ணாடி இருப்பதோ மட்கார்டு ஓரத்தில், ஆறடி அகலத்துக்கு உள்ளே. அங்கே இருந்து நேராகப் பின்னால் பார்த்தால் லோடு சுவர் மாதிரி மறைத்து நிற்கும். எவ்வளவு பெரிய கண்ணாடி மாட்டினாலும் இதேதான். லோடின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால்தான் பின்னால் ரோடு தெரியும்.

வெளிநாடுகளில் இந்தப் பிரச்சினை கேரவன் இழுக்கிறவர்களுக்கு உண்டு. கேரவன் என்றால் நம்ம ஊரில் சினிமா நட்சத்திரங்கள் ஷூட்டிங்கில் ஓய்வெடுக்கும் ஏ.சி. வண்டிதான் ஞாபகம் வரும். பிரிட்டனில் அது கார் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சின்ன வீடு. காரை விட கேரவன் அகலம் அதிகம் என்றால், காரின் கண்ணாடியோடு கூடுதலாக நீட்டுக் கண்ணாடி மாட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். மாட்டாமல் ஓட்டி மாட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதம், லைசென்சில் 3 தண்டனைப் புள்ளியும் ஏறும். கேரவனைக் கழற்றி விட்டால் அந்த நீட்டுக் கண்ணாடியையும் கழற்றி டிக்கியில் போட்டுவிடுவார்கள்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். டிராக்டருக்கு டி.என்.55 நம்பர் வாங்கியதோடு வேலை முடியாது, பின்னால் மாட்டும் பெட்டிக்கும் பதிவு வேண்டும். பின்பக்கம் சிவப்பு ரிப்ளெக்டர் இருக்க வேண்டும். பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி வண்டியில் இருக்க வேண்டும். இது போன்ற விதிமீறல்களுக்கு பொதுவாகப் போடப்படும் 177-வது பிரிவில் முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய் வரை அபராதம் உண்டு.

கண்ணாடிக்கு 500 தானே என்று விட்டுவிடலாம். பெரிய அடி வேறு இடத்தில் இருக்கிறது. 2019-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி அமலுக்கு வந்த திருத்தத்தில் 194-வது பிரிவோடு புதிதாக ஒரு உட்பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி லோடு பெட்டியின் பக்கவாட்டில் பிதுங்கினாலும், முன்னால், பின்னால், உயரத்தில் அனுமதித்த அளவைத் தாண்டினாலும் 20 ஆயிரம் ரூபாய் அபராதம். லோடை இறக்கி வைக்கும் செலவும் வண்டிக்காரர் தலையில்தான். வைக்கோல் வண்டிகளை இந்தக் கணக்கில் பிடித்தால் ஒன்றுகூட தப்பாது. வைக்கோல் விற்று வரும் காசைவிட அபராதம் பெரிசு என்பதால், பிடிக்கிறவர்களும் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிடுவது உண்டு. ஆனால் விபத்து நடந்து கேஸ் கோர்ட்டுக்குப் போனால் இன்சூரன்ஸ் கம்பெனி அப்படி விடாது. டிரெய்லருக்கு பதிவு இருக்கிறதா, விவசாயத்துக்கு என்று பாலிசி எடுத்த வண்டியில் வாடகைக்கு கட்டை ஏற்றினாரா என்று ஒவ்வொன்றாகக் கிளறும். கடைசியில் நஷ்டஈடு வண்டிக்காரரின் நிலத்தின் மீதே வந்து நிற்கலாம்.

கழற்றி வைப்பது ஏன்?

டிராக்டர்காரர்கள் சொல்லும் காரணத்திலும் நியாயம் இருக்கிறது. ரோட்டில் ஓடுவது கொஞ்ச நேரம்தான், மீதி நேரம் வயலிலும் தோப்பிலும்தான் வேலை. கருவேலங்கிளை ஒரு இழுப்பு இழுத்தால் கண்ணாடி போச்சு. உழவு ஓட்டும் அதிர்வில் நட்டு லூசாகி, கண்ணாடி தலையாட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு தடவை உடைந்த பிறகு மூன்றாவது தடவை யாரும் வாங்கிப் போடுவதில்லை. அந்தக் காசுக்கு பாட்டுப் பெட்டி வாங்கி மாட்டியவர்களும் இருக்கிறார்கள்!

இதற்கு வழி, மடக்கும் கண்ணாடிதான். நீளமான இரும்புக் கம்பியில் கீல் வைத்து, வயலுக்குள் போகும்போது மடக்கி, ரோட்டுக்கு வந்ததும் விரித்துக்கொள்ளலாம். எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்து தருவார்கள். லாரிக்கு மாட்டும் குவிந்த கண்ணாடி போட்டால் அகலமாகத் தெரியும். ஒரு எச்சரிக்கை, குவிந்த கண்ணாடியில் பைக் இருப்பதைவிட தூரத்தில் இருக்கிற மாதிரி காட்டும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் பைக் 3 விநாடியில் 50 மீட்டர் வந்துவிடும். டிரெய்லரோடு டிராக்டர் ரோட்டைக் கடந்து முடிக்க அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

கண்ணாடி இருந்தாலும் ரிவர்சில் அது பாதிதான் உதவும். டிரெய்லரை இடது பக்கம் ஒடித்துப் பின்னால் தள்ளும்போது, அது வலது பக்கக் கண்ணாடியில் இருந்து மறைந்தே போகும். களத்திலும் வீட்டு வாசலிலும் குழந்தைகள் நிற்பது அப்போது தெரியாது. அதனால்தான் விவரம் தெரிந்த டிரைவர்கள், கீழே ஒரு ஆள் இறங்கி நின்று ‘வரலாம் வா’ சொல்லாமல் வண்டியைப் பின்னால் எடுப்பதில்லை. லோடு மேலே உட்கார்ந்திருக்கும் ஆள் இதற்கு உதவ மாட்டார், அவருக்கும் டயர் ஓரம் தெரியாது.

பைக்கில் போகிறவர்கள்...

பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. டிராக்டர் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரிந்தால்தான் அவருக்கும் நீங்கள் தெரிவீர்கள். முகம் தெரியாத வண்டியை, வலது பக்கம் வயல் பாதையோ கிளை ரோடோ வரும் இடத்தில் முந்தவே கூடாது. இடது பக்கம் நுழைவது இன்னும் மோசம். டிராக்டர் இடது பக்கம் திரும்பும்போது டிரெய்லரின் சக்கரம் டிராக்டர் போன தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். சைக்கிளில் ஸ்கூல் போகும் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது அந்த இடைவெளியில்தான்.

இருட்டிய பிறகு கண்ணாடி இருந்தும் பிரயோஜனம் குறைவு. டிரெய்லருக்கு பின் லைட் ஒயர் இழுக்காத வண்டிகளே அதிகம் என்பதால், ரிப்ளெக்டர் ஸ்டிக்கராவது லோடு மறைக்காத இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். பெட்டியின் பின் கதவில் ஒட்டிவிட்டு அதன் மேலேயே வைக்கோலைத் தொங்கவிட்டுப் போகும் வண்டிகள்தான் இந்த ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வருகின்றன.