முதுகில் ஒரு கீறல்

சென்ற விடுமுறையில் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். ஸ்டிக்கரின் முதுகில் ஓடும் மெல்லிய கீறலின் அருமை அங்கேதான் எனக்கு விளங்கியது.

ஸ்டிக்கரில் மேலே அச்சிட்ட தாள், நடுவே பசை, அடியில் சிலிக்கோன் பூசிய தாள் என மூன்று அடுக்குகள் உண்டு. சிலிக்கோனைப் பசை இறுகப் பற்றாது; அதனால்தான் உரிகிறது. எனினும் நகத்தால் ஓரத்தைப் பிரிப்பது பெரும்பாடு; மூலை மடங்கும், கிழியும். அடித்தாளை மட்டும் கீறிவிட்டால், சற்று வளைத்ததும் கீறல் வாய் திறக்கும்.

ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் கையால் கீறுவது ஆகாத காரியம். சுருள் இயந்திரத்தில் ஓடும்போதே வட்டக் கத்திகள் கீறிவிடும். தனித்தாளில் அச்சிடுவோர் முன்பே கீறிய தாளை வாங்கிக்கொள்வர்.

கத்தியின் ஆழமே உயிர்நாடி. மெல்லிய அடித்தாளின் கனம் ஏறத்தாழ 60 மைக்ரான்தான். ஆழம் குறைந்தால் கீறல் திறவாது. மிகுந்தால் மேல்தாளும் வெட்டுப்படும். ஒருநாள் நான் கத்தியைச் சற்றே அழுத்தி வைத்ததில் ஒரு சுருள் முழுதும் வீணாயிற்று. முதலாளி திட்டவில்லை, அதுவே அதிகம் உறுத்தியது.

அன்றுமுதல், முதலில் வரும் ஸ்டிக்கரை உரித்து, பசைப்பக்கம் கோடு விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே இயந்திரத்தை ஓட்டினேன்.