அடுத்த மைக் உங்களுக்குத்தான்!

மாநாடு என்றதும் குத்துவிளக்கு, பொன்னாடை, ‘அடுத்ததாக வாழ்த்துரை வழங்க...’ என்ற அறிவிப்பு எல்லாம் கண்முன் வருகிறதா? கொஞ்சம் டெல்லிப் பக்கம் வாருங்கள். 2016 செப்டம்பர் 23 முதல் 25 வரை ஜே.என்.யூ. கன்வென்ஷன் சென்டரில் நடந்த ‘பைகான் இந்தியா’வின் பின்கட்டு வழியாக உங்களை உள்ளே அழைத்துப் போகிறேன். பைதான் மொழியில் நிரல் எழுதுபவர்களின் வருடாந்திரத் திருவிழா இது. 2009-ல் பெங்களூரில் தொடங்கியது, இடையில் ஒருமுறை புனே போய்வந்தது. தலைநகரில் கால் வைத்தது 2016-ல்தான்!

நடத்துபவர்கள் யார் என்று எட்டிப் பார்த்தால் அங்கே முதல் ஆச்சரியம். எல்லாரும் தன்னார்வலர்கள். பகலில் அலுவலகத்திலோ கல்லூரியிலோ இருப்பார்கள், ராத்திரியில் டீ-ஷர்ட் சைஸ் கணக்கெடுப்பார்கள். யாருக்கு எக்ஸ்எல், யாருக்கு மீடியம், சைவச் சாப்பாடு எத்தனை, எந்த ஹாலில் புரொஜெக்டர் மக்கர் பண்ணும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அமெரிக்காவில் நடக்கும் தாய் மாநாடான பைகானில் இதைவிட அழகான ஒரு வழக்கம் நெடுநாள் இருந்தது. பேச்சாளரும் சரி, அமைப்பாளரும் சரி, காசு கொடுத்துத்தான் டிக்கெட் வாங்குவார்கள். நினைக்க நினைக்க எனக்கு மனசு நிறைந்துபோகிறது!

சரி, பேச்சாளர்களை எங்கிருந்து பிடிக்கிறார்கள்? சிறப்புரைக்கு வருபவர்களை அழைப்பார்கள். மற்ற உரைகள் எல்லாம் நம்மைப் போன்றவர்கள் அனுப்பும் முன்மொழிவுகளிலிருந்து வருபவை. இதற்காகவே பைகான் இந்தியாக்காரர்கள் ‘ஜங்ஷன்’ என்று ஒரு மென்பொருளை எழுதி வைத்திருந்தார்கள். தலைப்பு, விளக்கம், கேட்பவருக்கு முன்கூட்டியே என்ன தெரிந்திருக்க வேண்டும், உங்களைப் பற்றி நாலு வரி. இவ்வளவுதான் படிவம். அனுப்பியதும் அது எல்லார் கண்ணிலும் படும். முகம் தெரியாத ஒருவர் வந்து, ‘இதில் ஒரு டெமோவும் சேர்த்தால் நன்றாயிருக்குமே’ என்று எழுதிவிட்டுப் போவார். வாக்கு விழும். மதிப்பாய்வாளர்கள் கேள்வி கேட்பார்கள், நீங்கள் திருத்துவீர்கள், மறுபடி படிப்பார்கள். இதில் உச்சகட்டம் என்ன தெரியுமா? அந்த ஜங்ஷனே ஓப்பன் சோர்ஸ்! பைதானின் ‘ஜாங்கோ’ கட்டமைப்பில் எழுதப்பட்டு கிட்ஹப்பில் திறந்து கிடக்கிறது. படிவத்தில் ஒரு பொத்தான் சரியாக வேலை செய்யவில்லையா? நீங்களே திருத்தி அனுப்பலாம். உரை தேர்வாகிறதோ இல்லையோ, மாநாட்டில் உங்கள் கைவேலை ஏறிவிட்டது!

‘பேச என்னிடம் என்ன இருக்கிறது’ என்று தயங்குபவர்களுக்கு ஒன்று காட்டுகிறேன். பைதானைத் திறந்து ‘தமிழ்’ என்று கொடுத்து, அதன் நீளம் என்ன என்று ‘லென்’ போட்டுக் கேளுங்கள். 5 என்று சொல்லும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை 3 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு தனித்தனியாக வைத்திருப்பதை எல்லாம் பைதான் எண்ணிவிடுகிறது, அதனால்தான் 5. இதையே ‘ஓப்பன்-தமிழ்’ நிரல் தொகுப்பிடம் கொடுத்தால், எழுத்து எழுத்தாகப் பிரித்து 3 என்று சரியாகத் தரும். அதை எழுதியவர்களும் நம்மவர்கள்தான், அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான். இருபது நிமிட உரைக்கு இது தாராளம்! இந்திக்காரர், வங்காளி, மலையாளி எல்லாருக்கும் தத்தம் மொழியில் இதே சிக்கல் இருப்பதால், டெல்லியில் இதைச் சொன்னால் ஹாலே நிமிர்ந்து உட்காரும்.

இருபது நிமிடமா என்று வயிற்றைக் கலக்குகிறதா? அப்படியானால் ‘லைட்னிங் டாக்’ இருக்கிறது. அங்கேயே பெயர் கொடுக்கலாம், ஐந்து நிமிடம் பேசலாம். நேரம் முடிந்ததும் பாதி வாக்கியத்தில் நின்றாலும் கைதட்டி இறக்கிவிடுவார்கள். என்னைக் கேட்டால் மாநாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. போன வாரம் எழுதிய நிரலை நேற்று ராத்திரி ஸ்லைடாக்கி, கை நடுங்க மேடையேறும் மாணவி ஒருத்திக்கு விழும் கைதட்டல் இருக்கிறதே, அடடா!

எல்லாரும் கூடி உட்கார்ந்து நிரல் எழுதும் ‘டெவ் ஸ்பிரிண்ட்’டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு திட்டத்தைப் பராமரிப்பவர் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ‘இந்தப் பிழையை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கையில் கொடுப்பார். பலருக்கு முதல் பேட்ச் அப்படித்தான் பிறக்கிறது.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு வராண்டாவில் ஒரு நல்ல செய்தி. மென்பொருள் ஆவணங்களுக்கான ‘ரீட் த டாக்ஸ்’ தளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான எரிக் ஹோல்ஷர், ‘பேக்-மேன் விதி’ என்று ஒன்றைப் பரப்பினார். வட்டமாக நின்று பேசும்போது, புதிதாக ஒருவர் வந்து சேர இடைவெளி விட்டு நிற்க வேண்டும். அந்த இடைவெளியைப் பார்த்தால் தயங்காமல் போய் நில்லுங்கள், அது உங்களுக்காக விட்டது.

பைகான் இந்தியா மேடையில் கென்னத் கொன்சால்வஸ் பெயரில் ஒரு விருதும் வழங்கப்படுகிறது. இந்திய பைதான் சமூகத்தைக் கட்டியெழுப்பிய முன்னோடிகளில் ஒருவர் அவர், நம் நீலகிரியில் வாழ்ந்தவர். 2012-ல் அவர் மறைந்த வருடமே விருதும் தொடங்கிவிட்டது. தலைநகர் மேடையில் ஊட்டிக்காரர் ஒருவரின் பெயர் ஒலிக்கும்போது எனக்குப் புல்லரிக்காமல் என்ன செய்யும்!

2016-க்குப் பிறகும் டெல்லி ஓயவில்லை. 2017-ல் மறுபடி பைகான் இந்தியா. 2020 ஜனவரியில் ரோகிணியில் உள்ள மகாராஜா அக்ரசேன் தொழில்நுட்பக் கல்லூரியில் கே.டி.ஈ. என்ற ஓப்பன் சோர்ஸ் சமூகத்தின் இந்திய மாநாடு. 2024 டிசம்பர் 11, 12 தேதிகளில் துவாரகா யசோபூமியில், ‘குபெர்நெட்டீஸ்’ மென்பொருள்காரர்கள் கூடும் கியூப்கான் இந்தியாவில் முதல்முறையாக. இது ரொம்பப் பெரிய கூட்டம், கம்பெனி ஸ்டால்களின் பளபளப்பும் அதிகம். ஆனாலும் பணவசதி இல்லாதவர்கள் கியூப்கானுக்கு வர, டான் கோன் பெயரில் ஓர் உதவித்தொகை இருக்கிறது. கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

டெல்லி மேடைக்கு முன் உள்ளூரில் ஒத்திகை பார்க்க வேண்டுமா? சென்னையில் ‘சென்னைபை’ என்ற பைதான் குழு மாதத்தின் நான்காம் சனிக்கிழமை கூடும் வழக்கம் உடையது. சென்னை லினக்ஸ் பயனர் குழுவுக்கு இரண்டாம் சனிக்கிழமை. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் குழுக்கள் இருக்கின்றன, அங்கே தமிழிலேயே பேசலாம். ஸ்லைடு பாக்கி இருந்தால் டெல்லி போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறுங்கள், நாக்பூர் வருவதற்குள் முடித்துவிடலாம்!

உள்ளே இருப்பவர்கள் மட்டும் அறிந்த ஒரே ஒரு தகவல்: கடைசி நாள் ராத்திரிதான் முன்மொழிவுகள் குவியும். அப்படி வருபவற்றுக்குக் கருத்துச் சொல்லவும் திருத்தவும் யாருக்கும் நேரம் இருக்காது. அழைப்பு வெளியான முதல் வாரத்திலேயே, அரைகுறையாக இருந்தாலும் அனுப்பிவிடுங்கள். படித்துக் கேள்வி கேட்க ஆட்கள் அப்போது ஓய்வாகவும் உற்சாகமாகவும் இருப்பார்கள்.