ஒருவர் ஆக்கிய மொழி

மொழிகள் யாவும் மக்கள் நாவில் தாமாக வளர்ந்தவை என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால், ஒரு கண் வைத்தியர் திட்டமிட்டு ஆக்கிய மொழியொன்றும் உண்டு. அதுவே எஸ்பெரான்டோ.

அன்றைய ரஷ்யப் பேரரசின் பியாலிஸ்டொக் நகரில் 1859இல் பிறந்தவர் சாமென்ஹோப். அங்கு யூதர், போலந்தியர், ரஷ்யர், ஜெர்மானியர் வெவ்வேறு மொழி பேசினர், பகைமையும் பாராட்டினர். எவருக்கும் சொந்தமில்லாத பொதுமொழி ஒன்றிருந்தால் பகை தணியும் என அவர் நம்பினார். முதல் நூல் 1887இல் வார்சாவில் வெளிவந்தது. செலவுக்குக் கைகொடுத்தவர் மனைவி கிளாராவின் தந்தை.

இதன் அடிப்படை இலக்கண விதிகள் 16 மட்டுமே. ‘டோமோ’ என்றால் வீடு, ‘டோமோய்’ வீடுகள், ‘டோமோய்ன்’ வீடுகளை. நம் தமிழிலும் முதலில் ‘கள்’, அடுத்து ‘ஐ’ என்றுதானே ஒட்டுகிறோம்!

பெண்கள் கவனிக்க வேண்டிய குறையொன்றும் உண்டு. ‘பத்ரோ’ தந்தை, அதனுடன் பெண்பால் விகுதி சேர்ந்த ‘பத்ரினோ’வே தாய். நமக்கோ வாப்பா வேறு, உம்மா வேறு. இதனை அம்மொழி பேசுவோரில் சிலரே குறைகூறுகின்றனர்.

பகை தணிந்ததா? சாமென்ஹோப் 1917இல் காலமானார். அவரது மூன்று பிள்ளைகளும் இரண்டாம் உலக யுத்தத்தின்போது நாஜிகளால் கொல்லப்பட்டனர். நாடு நாடாகச் சென்று இம்மொழியைக் கற்பித்த இளைய மகள் லிதியா 1942இல் திரெப்ளிங்கா முகாமில் உயிரிழந்தார். மொழி மட்டும் பிழைத்து, இன்றும் பல நாடுகளில் பேசப்படுகிறது.

பொதுமொழி வழியைத் திறக்கும். நடந்து செல்ல மனம் வேண்டும். பிள்ளைகளுக்கு அயலவரின் மொழியைக் கற்பிக்கும்போது, அந்த மனத்தையும் சேர்த்தே கொடுப்போம்.