ஃபியூஸ் போகல, ஆனா ஃபியூஸ் பாக்ஸ் உருகிடுச்சு

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப அம்பத்தூர்ப் பக்கம் நிறைய வண்டி தண்ணியில நின்னுச்சு இல்லையா? அதுக்கப்புறம் எங்க கள்ளிக்குப்பத்துல ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட பழைய கார் ஒண்ணு வந்தது. ஏசி ப்ளோயர் ஓடல. ஃபியூஸை உருவிப் பார்த்தா உள்ள கம்பி அறுந்திருக்கவே இல்ல. ஆனா அது உக்கார்ற பிளாஸ்டிக் உருகியிருந்தது!

காரணம் அதிக கரண்ட் இல்ல. ஃபியூஸோட காலைக் கவ்விப் பிடிக்கிற டெர்மினல் பச்சை பூத்து, பிடி தளர்ந்துபோச்சு. தொடுப்பு லூசான இடத்துல ரெசிஸ்டன்ஸ் கூடும், அங்கேயே சூடாகும். கரண்ட் அளவு மாறாததால ஃபியூஸ் சும்மா இருக்கும், பிளாஸ்டிக் கருகும். அதே ஓட்டையில புது ஃபியூஸைச் சொருகிப் பிரயோஜனமே இல்ல.

அண்ணன் முதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழட்டினார். கருகின டெர்மினலோட, கறுத்துப்போன ஒயரையும் நல்ல செம்பு தெரியுற வரைக்கும் வெட்டி எடுத்தார். அந்த ஓட்டை இனி உதவாது. அதனால அதே தடிமன் ஒயர்ல, தனி ஃபியூஸ் ஹோல்டர் வெச்சு, பழைய அதே 30 ஆம்பியர் ஃபியூஸையே போட்டார். ஒயரை முறுக்கி டேப் சுத்தாம, கிரிம்ப் பண்ணினார். அதைத்தான் முக்கியமா பார்க்கணும்.

இப்போ எந்த ஃபியூஸ்ங்கிற கேள்வி. ஃபியூஸ் காப்பாத்துறது ஒயரை. 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. நீலம் அடிக்கடி போகுதுன்னு பச்சையைப் போட்டா, அந்த மெல்லிசு ஒயரே ஃபியூஸ் ஆயிடும். டாஷ்போர்டுக்குப் பின்னாடி தீ பிடிக்க அது போதும். சிகரெட் அட்டையோட வெள்ளித்தாளைச் சுத்துறவங்களை நான் என்ன சொல்றது!

நீங்களா ஃபாக் லேம்ப் மாட்டினா கணக்கு சுலபம். 55 வாட் பல்பு ரெண்டு, 110 வாட். 12 வோல்ட்டால வகுத்தா சுமார் 9.2 ஆம்பியர். தொடர்ந்து எரியுற லோடுக்கு 10 ரொம்ப விளிம்பு. அதைத் தாங்குற ஒயர் போட்டுட்டு 15 வைக்கலாம். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும். விளக்குக்குப் பக்கத்துல வெச்சா, நடுவுல ஒயர் உரசி பாடியில பட்டா அதைத் தடுக்க எதுவுமே இருக்காது.