கோல் காத்த மந்திரி

1971ஆம் வருஷம் மார்ச் மாதத்தில், கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து மக்கில் சர்வகலாசாலையில் சட்டம் பயின்றுகொண்டிருந்த இருபத்து மூன்று வயது வாலிபர் ஒருவர், அதே நகரத்தின் பிரசித்தி பெற்ற ஐஸ் ஹாக்கி அணியான கனேடியன்ஸுக்குக் கோல்கீப்பராக வந்து நின்றபோது, அவருடைய பெயரை அறிந்திருந்த ரசிகர்கள் சொற்பமே. கென் டிரைடன் என்னும் அந்த வாலிபர் அவ்வருஷத்துத் தேசிய ஹாக்கி லீக் பருவத்தில் ஆடியவை ஆறே ஆட்டங்கள். ஆறிலும் அணி ஜயித்தது. அந்த மாதத்திலேயே ஓர் ஆட்டத்தில் எதிர்ப்பக்கத்துக் கோலைக் காத்து நின்றவர், பஃபலோ அணியில் இருந்த அவருடைய சொந்தத் தமையனார் டேவ் என்பது ஒரு விசேஷம்.

ஆறு ஆட்ட அநுபவம் மட்டுமே உள்ள ஒருவரை, லீக்கின் சாம்பியனைத் தீர்மானிக்கும் ஸ்டான்லி கோப்பைப் போட்டிகளில் நிறுத்துவது சாமானியத் துணிச்சல் அன்று. முந்தின வருஷம் கோப்பையை வென்றிருந்த பாஸ்டன் அணியோ, பாபி ஓர் என்னும் மேதையையும், அந்த ஒரு பருவத்திலேயே 76 கோல் அடித்திருந்த ஃபில் எஸ்பொசிட்டோவையும் தன்னகத்தே கொண்டிருந்தது. அந்த அணியை ஏழு ஆட்டங்களில் மடக்கி, இறுதியில் சிகாகோவையும் ஏழாவது ஆட்டத்தில் தோற்கடித்துக் கனேடியன்ஸ் கோப்பையைக் கைப்பற்றியபோது, அப்போட்டிகளின் சிறந்த ஆட்டக்காரருக்கான விருது டிரைடனுக்கே கிடைத்தது. அடுத்த வருஷம் சிறந்த புதுமுகம் என்னும் விருதும் வந்தது. புதுமுக விருதைப் பெறுவதற்கு முன்பே மற்ற விருதைப் பெற்றுவிட்டவர் அவர் ஒருவரே.

பனித்தளத்தில் கோல் காப்பது எத்தகைய உத்தியோகம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். குளிரில் உறையவைத்த கெட்டி ரப்பர் வட்டு ஒன்று, மணிக்கு நூற்றறுபது கிலோமீட்டரைத் தொடும் வேகத்தில் பறந்து வரும். ஆறடி அகலமும் நாலடி உயரமும் உள்ள கோல் வாயை, காலிலும் மார்பிலும் பஞ்சுக் கவசம் அணிந்த ஒரே ஆள், தன் தேகத்தையே தடுப்பாக்கி அடைத்து நிற்க வேண்டும். தடுத்த நூறு வட்டுகளை யாரும் எண்ணுவதில்லை. நுழைந்த ஒன்று பலகையில் ஏறிவிடும். ஆறடி நான்கங்குல உயரமுள்ள டிரைடன், ஆட்டம் மறுகோடிக்குப் போய்விட்ட சமயங்களில், மட்டையைச் செங்குத்தாகப் பனியில் ஊன்றி, அதன் தலைப்பில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அவற்றின்மேல் முகவாயைத் தாங்கியபடி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவருடைய புகைப்படங்களில் கனடா ஜனங்கள் மறவாதது அதுதான். அந்த நிலையை அலட்சியம் என்று எண்ணுவது தவறு. ஒரு விஷயத்தைத் தூரத்திலிருந்து முழுமையாகக் கவனிக்கும் மனிதரின் நிலை அது என்பதே என் அபிப்பிராயம்.

கீர்த்தியின் உச்சியில் இருந்தபோதே, 1973இல், ஒப்பந்த ஊதியத்தில் திருப்தி இல்லாமல் ஆட்டத்தை விட்டு விலகி, டொராண்டோவில் ஒரு சட்ட நிறுவனத்தில் பயிற்சி குமாஸ்தாவாக ஒரு வருஷம் அமர்ந்துவிட்டார். பிறகு திரும்பி வந்து, 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு கோப்பைகள். முன்பு வென்ற இரண்டையும் சேர்த்து ஆக மொத்தம் ஆறு. லீக் பருவ ஆட்டங்கள் 397இல் அவர் தோற்றவை 57 மட்டுமே. முப்பத்தோராவது வயதில் ஓய்வு பெற்றார். 1983இல் வெளிவந்த அவருடைய ‘தி கேம்’ என்னும் நூலை, ஹாக்கியைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் தலைசிறந்ததென்று கருதுபவர் அநேகர். அதன் பின்னர் ஒன்டாரியோ மாகாணத்தின் இளைஞர் நலக் கமிஷனர், உயர்நிலைப் பள்ளி வகுப்பறை ஒன்றின் பின் வரிசையில் ஒரு வருஷம் உட்கார்ந்து கவனித்து நூல் எழுதியவர், டொராண்டோ ஹாக்கி அணியின் தலைவர் என்று பல ஸ்தானங்கள்.

குழந்தைகள்பால் அவர் கொண்ட சிரத்தைக்குப் பரம்பரை உண்டு. அவருடைய தந்தையாரும் தாயாரும் 1970இல் தொடங்கிய தர்ம ஸ்தாபனம் ஒன்று, ஏழைக் குழந்தைகளுக்குப் பாயும் போர்வையும் கொசுவலையும் போன்ற படுக்கைச் சாமான்களை வழங்கியது. முதன்முதலில் அவை போய்ச் சேர்ந்த இடம் நம் நாட்டின் புனே நகரம்.

2004இல் லிபரல் கட்சியின் சார்பில் யார்க் சென்டர் தொகுதியிலிருந்து பார்லிமென்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட டிரைடனை, பிரதம மந்திரி பால் மார்ட்டின் சமூக அபிவிருத்தி மந்திரி ஆக்கினார். பள்ளி வயதுக்கு முற்பட்ட குழந்தைகளுக்குத் தேசம் முழுவதும் தரமான காப்பகங்கள் வேண்டும் என்பது அவரிடம் ஒப்படைக்கப்பட்ட காரியம். கியூபெக் மாகாணம் 1997லேயே நாளொன்றுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் அதைச் செய்து காட்டியிருந்தது. மற்ற இடங்களிலோ, காப்பகச் செலவைக் கணக்கிட்டுப் பார்த்துத் தாய்மார் வேலையைக் கைவிடும் நிலை. பள்ளியும் காப்பகமும் மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவையாதலால் ஆட்டாவாவில் உள்ள மத்திய சர்க்கார் உத்தரவு போட்டுச் சாதிக்க முடியாது. ஒவ்வொரு மாகாணமாகப் போய்ப் பேசி, வெவ்வேறு கட்சிகளின் சர்க்கார்களை இணங்கவைக்க வேண்டும். ஐந்து வருஷங்களுக்கு 500 கோடி டாலர் என்ற திட்டத்துக்குப் பத்து மாகாணங்களின் சம்மதத்தையும் 2005ஆம் வருஷத்துக்குள் அவர் பெற்றார். அவருடைய ஆறு கோப்பைகளைக் காட்டிலும் எனக்கு இதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

ஆனால் நவம்பர் 28ஆம் தேதி மார்ட்டினின் சிறுபான்மை மந்திரிசபை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கவிழ்ந்தது. 2006 ஜனவரித் தேர்தலில் வென்ற ஸ்டீபன் ஹார்ப்பரின் கன்சர்வேட்டிவ் சர்க்கார் ஒப்பந்தங்களை ரத்து செய்து, அவற்றுக்குப் பதிலாக ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை ஒவ்வொன்றுக்கும் மாதம் நூறு டாலர் அனுப்பியது. ரொக்கம் கொடுப்பதை நான் குறை கூற மாட்டேன். எனினும் இல்லாத காப்பகத்தை அந்த நூறு டாலர் உண்டாக்கிவிடாது. அவ்வருஷக் கடைசியில் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டுத் தோற்ற டிரைடன், எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து அந்தத் திட்டத்துக்காகவே வாதாடிவந்தார். 2011இல் தொகுதியையும் இழந்தார். பத்து வருஷம் கழித்து, 2021இல், ஜஸ்டின் ட்ரூடோவின் சர்க்கார் ஐந்து வருஷத்துக்கு 3,000 கோடி டாலரை ஒதுக்கி, நாளுக்குப் பத்து டாலர் என்ற இலக்கோடு அதே மாகாணங்களின் கதவுகளைத் தட்டியது. மறு வருஷ மார்ச்சுக்குள் யாவும் கையெழுத்திட்டன.

இறுதிக் காலத்தில் அவருடைய சித்தத்தை ஆக்கிரமித்தது வேறொரு விஷயம். தலையில் பட்ட அடிகளால் மூளை சிதைந்திருந்த நிலையில், முப்பத்தைந்து வயதில் இறந்த ஸ்டீவ் மான்டடோர் என்னும் ஆட்டக்காரரின் வாழ்க்கையை ஆராய்ந்து 2017இல் ஒரு நூல் எழுதினார். தற்செயலோ வேண்டுமென்றோ, தோளாலோ முழங்கையாலோ, எவ்விதத்திலும் தலையில் மோதக் கூடாதென்று லீக் விதி செய்ய வேண்டும் என்பது அவர் கோரிக்கை. 2025 செப்டம்பர் 5ஆம் தேதி, எழுபத்தெட்டாவது வயதில், புற்றுநோயால் அவர் காலமானார். அவர் கேட்ட அந்த முழுத் தடையை லீக் விதிக்கவில்லை.